நியூயார்க்கின் கரீபிய இளையோர், நட்பு, குயர் அடையாளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரூக்ளினிலும் குயீன்ஸிலும் கரீபிய இளையோரோடு படிக்கிற, வேலை பார்க்கிற, வீடு பகிர்ந்துகொள்கிற தமிழர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. ‘குயர்’ என்பது ஒரே பாலினத்தவரைக் காதலிப்போர், திருநர் போன்றோரைக் குறிக்கும் பொதுச்சொல். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறோம். சட்டம் பற்றிய பதில்கள் பொது விவரம் மட்டுமே. படிவப் பதிப்புகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறுவதால், மனு போடும் முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும்.

கரீபியன்னா ஜமைக்காக்காரங்கதானே? எல்லாரும் ஒரே ஆளுங்கதானே?

இல்லை. புரூக்ளினின் ஃபிளாட்புஷ், கிரவுன் ஹைட்ஸ் பக்கம் ஜமைக்கா, ஹெய்ட்டி, டிரினிடாட், பார்படோஸ், கிரெனடாக்காரர்கள் கலந்து இருக்கிறார்கள். குயீன்ஸின் ரிச்மண்ட் ஹில்லில், லிபர்ட்டி அவென்யூவை ஒட்டி, கயானா, டிரினிடாடிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினர். அந்தப் பகுதிக்கே ‘லிட்டில் கயானா’ என்று பெயர். மன்ஹாட்டனின் வாஷிங்டன் ஹைட்ஸ் டொமினிக்கன் குடியரசுக்காரர்களுடையது. ஒருவர் பேசுவது ஜமைக்காவின் பாட்வா, இன்னொருவர் ஹெய்ட்டி கிரியோல், மூன்றாமவர் ஸ்பானிஷ். சட்டம், வழிபாடு, வசைச்சொல் எல்லாமே நாட்டுக்கு நாடு வேறு. எனவே முதலில் எந்த நாடு என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. எல்லாரையும் ஜமைக்கா என்றால்தான் கோபம் வரும்.

ஃப்ரெண்டோட குடும்பப் பேர் வீராசாமி. ஆனா தமிழ்ல ஒரு வார்த்தை தெரியாதுங்கறான். விளையாடறானா?

உண்மையைத்தான் சொல்கிறான். 1838 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாகக் கயானாவுக்குக் கப்பலேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் கல்கத்தா வழியாகப் போனவர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள் சிறுபான்மை. அவர்களை அங்கே இன்றும் ‘மதராஸி’ என்றுதான் சொல்கிறார்கள். மொழி போய்விட்டது, பெயரும் மாரியம்மனும் மிஞ்சின. குயீன்ஸில் மதராஸி மரபுக் காளி கோயில்கள் உண்டு, தப்பும் உடுக்கையும் ஒலிக்கும். ‘நீயும் நம்ம ஆளுதான்’ என்று உடனே தோளில் கைபோட வேண்டாம். அவன் தன்னைக் கயானாக்காரன் என்றே நினைக்கிறான்.

அவங்க ஊர்ல இது சட்டப்படி குற்றமா இல்லையா? ஒருத்தர் ஆமாங்கறார், இன்னொருத்தர் இல்லைங்கறார்.

ஒரே பாலின உறவு பற்றிய கேள்வி இது. இருவரும் சரி, ஊரைப் பொறுத்தது. ஜமைக்காவில் 1864ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் இருக்கிறது. உச்ச தண்டனை 10 ஆண்டு. கயானா சட்டப் புத்தகத்தில் ஆயுள் தண்டனை. பஹாமாஸ் 1991இலேயே அதை நீக்கிவிட்டது. பெலீஸ் 2016இல், ஆன்டிகுவா, செயின்ட் கிட்ஸ், பார்படோஸ் மூன்றும் 2022இல், டொமினிக்கா 2024இல், செயின்ட் லூசியா 2025இல் நீதிமன்றம் வழியாக விடுபட்டன. செயின்ட் வின்சென்டில் 2024இல் வழக்கு தோற்றது. டிரினிடாட் நிலைமைதான் குழப்பம்: 2018 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் சட்டத்தைத் தள்ளியது, 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திருப்பிப் போட்டது. கியூபாவில் 2022 முதல் ஒரே பாலினத் திருமணமே செல்லும். ஹெய்ட்டியிலும் டொமினிக்கன் குடியரசிலும் இதைக் குற்றமாக்கும் சட்டப் பிரிவே கிடையாது.

ஆங்கிலம் பேசும் கரீபிய நாடுகளின் சட்டத்துக்கும் நம் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவுக்கும் தாய் ஒருத்திதான்: பிரிட்டிஷ் ஆட்சி. இந்தியாவில் 377 விழுந்ததும் 2018இல்தான், டிரினிடாட் முதல் தீர்ப்புக்கு ஐந்து மாதம் கழித்து.

சரி, இங்க நியூயார்க்ல சட்டம் பாதுகாப்பா இருக்கே. இங்க வந்தும் ஏன் ஒளிஞ்சு வாழணும்?

சட்டத்துக்குப் பயந்து ஒளிபவர்கள் இங்கே குறைவு. வீட்டுக்குப் பயந்தே ஒளிகிறார்கள். புதிதாக வந்த 18, 20 வயதுப் பிள்ளை பெரும்பாலும் அத்தை வீட்டிலோ பாட்டி வீட்டிலோ தங்குகிறது. வாடகை இல்லை, சமையல் பாட்டியுடையது, பச்சை அட்டை (கிரீன் கார்டு) மனு குடும்பத்தார் போட்டது. ஞாயிறன்று குடும்பத்தோடு பெந்தெகொஸ்தே சபைக்கோ, கயானாக் குடும்பமென்றால் மந்திருக்கோ போக வேண்டும். நாஸ்ட்ரண்ட் அவென்யூவில் யாரோடு நடந்தான் என்பது அவன் வீடு போய்ச் சேரும் முன் ஜமைக்காவின் கிங்ஸ்டனுக்குப் போய்விடும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, அதுவும் வாட்ஸப் காலத்தில்.

பணமும் இரு பக்கமும் ஓடுகிறது. கிறிஸ்துமஸுக்கு முன் ஃபிளாட்புஷ் கடைவாசல்களில் ஆளுயரத்தில் பாதிக்குமேல் வரும் நீல பிளாஸ்டிக் பீப்பாய்கள் வரிசையாக நிற்கும். அரிசி, எண்ணெய், சோப்பு, பள்ளிச் செருப்பு எல்லாம் அடைத்து ஊருக்குக் கப்பலில் அனுப்புவார்கள். அம்மா வெளிநாட்டில், பிள்ளை ஊரில் என்று வளர்ந்தவர்களை ஜமைக்காவில் ‘பீப்பாய்ப் பிள்ளைகள்’ என்பார்கள். அந்தப் பிள்ளைதான் இப்போது இங்கே வந்து, பத்து வருடம் கழித்து அம்மாவோடு முதல்முறையாக ஒரே வீட்டில் இருக்கிறது. இப்போதுதான் கிடைத்த அம்மாவை ஒரு வாக்கியத்தில் இழக்க யாருக்கு மனசு வரும்? ‘வெளிய சொல்லிடு, லேசாயிடும்’ என்று நண்பர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அவன் கணக்கில் வீடு, காகிதம், அம்மா மூன்றும் ஒரே தட்டில் இருக்கின்றன.

‘குயர்’னு சொல்லலாமா? அவங்களுக்குள்ள வேற ஏதோ வார்த்தை சொல்லிக்கறாங்களே.

இளையோர் பலர் ‘குயர்’ என்றே தங்களைச் சொல்கிறார்கள். சிலர் அது வெள்ளைக்காரக் கல்லூரிச் சொல் என்று ஒதுக்குகிறார்கள். அவரவர் தன்னை எப்படிச் சொல்கிறாரோ அப்படியே நீங்களும் சொல்லுங்கள். ஜமைக்காவின் ‘பாட்டிமேன்’ (நம் பாட்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை), கயானாவின் ‘ஆன்ட்டிமேன்’, டிரினிடாடின் ‘புல்லர்’, ஹெய்ட்டியின் ‘மசிசி’ எல்லாம் வசைகள். அவர்களுக்குள் கேலியாகப் புழங்கினாலும் உங்கள் வாயில் வரக் கூடாது.

இதைவிடச் சுவையான விஷயம் ஒன்று உண்டு. கிரெனடாவைச் சேர்ந்த கரியாக்கூ தீவில் ‘ஸாமி’ என்பது ஒன்றாக உழைத்து, தோழியராகவும் காதலியராகவும் வாழும் பெண்களைக் குறிக்கும் சொல். ‘தோழியர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஹார்லெமில் 1934இல் பிறந்த கவிஞர் ஆட்ரி லார்ட், தாய்வழி கரியாக்கூக்காரர், 1982இல் தன் நூலின் தலைப்பிலேயே அதை வைத்தார். சுரினாமில் ‘மாத்தி’ என்றால் நண்பர். பெண்களுக்கிடையே காதல் உறவுக்கும் அதே சொல். பிரெஞ்சு கிரியோல் பேசும் தீவுகளில் ஆண்களை ஏசும் ‘மக்குமே’கூட முதலில் என் பிள்ளைக்கு ஞானத்தாய், நெருங்கிய தோழி என்ற பொருள் கொண்டது. கயானா இந்தியர்களுக்கு ‘ஜஹாஜி’, ஒரே கப்பலில் வந்ததால் உடன்பிறப்பானவர், புனிதமான உறவு. ஆக, ‘இதெல்லாம் அமெரிக்கா வந்து கத்துக்கிட்டது’ என்று வீட்டில் சொல்லும்போது, அந்த வீட்டின் சொந்த மொழியே மறுத்துப் பேசுகிறது. நட்பையும் காதலையும் பிரிக்கும் கோட்டை அந்தச் சொற்கள் எங்கும் அழுத்திப் போடவில்லை.

‘லைம் பண்ணலாம் வா’ங்கறாங்க. அது பார்ட்டியா? என்ன எடுத்துட்டுப் போகணும்?

லைம் என்பது டிரினிடாட் சொல்: காரணமே இல்லாமல் கூடிக் கிடப்பது. நம் திண்ணைப் பேச்சில் சோறும் ரம்மும் சேர்த்தால் லைம். நேரம் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் ஒன்றரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். கையில் ஐஸ், குளிர்பானம், இரண்டு கோழி ரொட்டி ஏதாவது இருந்தால் போதும்.

குயர் பிள்ளைகளின் லைம் பெரும்பாலும் யாராவது ஒருவரின் அபார்ட்மென்டில்தான் நடக்கும். பாருக்கு 21 வயதுச் சான்று வேண்டும், பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர் வாசலில் தெரியும், செலவும் அதிகம். வெளியே என்றால் மன்ஹாட்டனின் கிறிஸ்டோஃபர் தெரு ஆற்றங்கரை, கறுப்பின, லத்தீன் குயர் இளையோர் பல தலைமுறையாகக் கூடும் இடம். ஃபிளாட்புஷ்ஷிலிருந்து 2ஆம் எண் ரயில், ரிச்மண்ட் ஹில்லிலிருந்து ஏ ரயில். வீட்டார் யாரும் தற்செயலாக அந்தப் பக்கம் வர மாட்டார்கள் என்பதுதான் அந்தத் தூரத்தின் பயன்.

டான்ஸ்ஹால் பாட்டு அவங்களையே திட்டுது. அதுக்கே ஆடறாங்க. எப்படி?

டான்ஸ்ஹால் ஜமைக்காவின் நடனப் பாட்டு வகை. எல்லாப் பாட்டும் திட்டுவதில்லை. 1990களின் சில பாடல்கள் கொலைக்கே அழைத்தன. அவற்றில் மிகப் பேர்போன ஒன்றை அதன் பாடகரே 2019இல் தன் பட்டியலிலிருந்து நீக்கிக்கொண்டார். டிஜே யாரென்று பார்த்துத்தான் போவார்கள், அந்த வரி வரும்போது ஒலியை நிறுத்துகிற டிஜேக்கள் உண்டு. மற்றபடி அது அவர்கள் ஊர்ப் பாட்டு. பெண்களை மட்டம் தட்டும் வரிகளுக்கு நம் கல்யாண மண்டபங்களில் பெண்களே ஆடுவதில்லையா?

லேபர் டே கார்னிவலுக்கு, ஃபக்வா ஊர்வலத்துக்கு அவங்களோட போறேன். அங்க வெளிப்படையா நடந்துக்கலாமா?

ஈஸ்டர்ன் பார்க்வேயில் செப்டம்பர் முதல் திங்கள் நடக்கும் கார்னிவலிலும், ரிச்மண்ட் ஹில்லின் ஹோலி ஊர்வலமான ஃபக்வாவிலும் குயர் கொடி ஏந்தி நடக்கும் குழுக்கள் உண்டு. 2015இல் குயீன்ஸில் தொடங்கிய ‘கரீபியன் ஈக்வாலிட்டி புராஜெக்ட்’ இதில் முக்கியமானது. அந்தக் குழுவோடு நடப்பதும், ஓரத்தில் நின்று பார்ப்பதும் ஒன்றல்ல. தெருவின் இரு பக்கமும் அத்தைமார் மடக்கு நாற்காலியோடு உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் தோழி கொடியிலிருந்து பத்தடி தள்ளி நடந்தால், அவளை இழுத்து உள்ளே விடாதீர்கள்.

ஒரு குரூப் ஃபோட்டோ போட்டு டேக் பண்ணேன். அதுக்கப்புறம் அவ பேசறதே இல்ல. அப்படி என்ன பெரிய தப்பு?

படத்தில் அவள் பக்கத்தில் யார் நின்றார்கள், பின்னால் என்ன கொடி தொங்கியது, எந்த இடம் என்று பாருங்கள். நீங்கள் கவனிக்காததை அவள் அத்தை கவனித்திருப்பார். படத்தை நீக்குவது மட்டும் போதாது. அதற்குள் யாராவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டிருக்கலாம். முதலில் டேக்கை எடுங்கள், பிறகு படத்தை, பிறகு அவளுக்கு ஒரே வரி: ‘எடுத்துட்டேன், யார் பார்த்தாங்கன்னு தெரிஞ்சா சொல்லு’. விளக்கம் எழுதிக் குவிக்க வேண்டாம். அவள் வீட்டில் நிலைமை மோசமானால் அடுத்த பதிலைப் பாருங்கள்.

19 வயசுப் பையனை வீட்டை விட்டு அனுப்பிட்டாங்க. எங்க வீட்டு சோஃபால படுக்க வச்சிருக்கேன். அடுத்து என்ன?

முதல் நாளே காகிதங்கள். பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, ஐ-94 நுழைவுப் பதிவு, பச்சை அட்டை இருந்தால் அது, தடுப்பூசி அட்டை, பள்ளிச் சான்று. இவை பாட்டி வீட்டு அலமாரியில் பூட்டப்பட்டிருக்கும். தனியாகப் போய்ச் சண்டை போடாமல், வீட்டில் இரக்கமுள்ள ஒருவர் வழியாகக் கேளுங்கள். போனில் குடும்பத் திட்டத்தின் சிம் என்றால் அது எந்த நேரமும் துண்டிக்கப்படலாம். மின்னஞ்சல், வங்கிக் கணக்குகளின் மீட்பு எண்ணை அன்றே மாற்ற வேண்டும். தெருவில் நின்றாலும் ‘ஐடிஎன்ஒய்சி’ நகர அடையாள அட்டை கிடைக்கும்: குடிவரவு நிலை கேட்பதில்லை, பாலினத்தை விண்ணப்பிப்பவரே சொல்லலாம்.

உங்கள் சோஃபா சில நாளுக்கு நல்லது, சில மாதத்துக்கு இல்லை. வாடகை ஒப்பந்தத்தில் உங்களுக்கே சிக்கல் வரலாம். 24 வயது வரையிலான குயர் (எல்ஜிபிடி) இளையோருக்குத் தங்குமிடம் தருவது 2002 முதல் இயங்கும் அலி ஃபோர்னி மையம். படுக்கைக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம். ஆனால் தங்காமல் வந்துபோகும் மையத்தில் சாப்பாடு, குளியல், துணி துவைப்பு உடனே கிடைக்கும். மருத்துவத்துக்குக் காலன்-லார்ட் மையம். அந்த லார்ட், முன்னே சொன்ன அதே ஆட்ரி லார்ட்.

ஒரு விஷயத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். 21 வயது ஆகாத, திருமணமாகாத ஒருவரைப் பெற்றோரில் ஒருவராவது கைவிட்டிருந்தாலோ துன்புறுத்தியிருந்தாலோ ‘சிறப்புக் குடியேறிச் சிறார்’ என்ற வழி உண்டு. நியூயார்க் குடும்ப நீதிமன்றம் 21 வயது வரை காப்பாளரை நியமிக்க முடியும் என்பதால் 19 வயதும் உள்ளே வரும். நீதிமன்ற உத்தரவு, குடிவரவுத் துறை மனு இரண்டும் 21ஆம் பிறந்தநாளுக்கு முன் போக வேண்டும். அதற்குப் பிறகும் பச்சை அட்டைக்கு வருடக்கணக்கில் காத்திருப்பு. இந்த வழியில் வந்தவர் பின்னாளில் தன் பெற்றோருக்கு மனு போடவே முடியாது. ஊரில் இருக்கும் அம்மாவை அழைத்துக்கொள்ளும் கனவிருந்தால் கையெழுத்துக்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

அடைக்கலம் கேக்கணும்னா எப்ப கேக்கணும்? இப்பதான் படிப்பு போயிட்டிருக்கே, முடியட்டும்னு இருக்கான்.

அமெரிக்காவுக்குக் கடைசியாக வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் ஐ-589 என்ற அடைக்கல மனுப் படிவம் போய்ச் சேர வேண்டும். படிப்பு முடியட்டும் என்று விட்டதில் போனவை நிறைய. விதிவிலக்குகள் உண்டு: சிறுவயது, கடும் நோய், சட்டப்படியான குடிவரவு நிலையில் இருந்த காலம், ஊரில் நிலைமை மாறியது, தன் அடையாளம் வீட்டாருக்குப் பிந்தித்தான் தெரிந்தது போன்றவை. ஆனால் விதிவிலக்கை நிரூபிப்பது அவன் பொறுப்பு. காரணம் தீர்ந்ததும் ‘நியாயமான காலத்துக்குள்’ மனு போக வேண்டும்.

ஓரினச் சேர்க்கையாளர் என்பது பாதுகாக்கப்படும் சமூகக் குழு என்று 1990இல் ஒரு கியூபாக்காரர் வழக்கில் முடிவானது. 1994இல் அது முன்னுதாரணத் தீர்ப்பாக்கப்பட்டது. ஊரில் சட்டப் பிரிவு இருப்பது உதவும், அதுவே போதாது. ஹெய்ட்டிக்காரருக்குச் சட்டப் பிரிவு இல்லாததால் வழக்கே இல்லை என்றும் ஆகாது. அவருக்கு என்ன நேர்ந்தது, போலீஸ் என்ன செய்தது என்பதுதான் கேள்வி. மனு நிலுவையில் இருக்கையில் ‘பாட்டி சாவுக்கு ஒரு எட்டு போயிட்டு வரேன்’ என்று ஊருக்குப் போனால் அது வழக்கையே கவிழ்க்கும்.

அவன் வக்கீல், நண்பனா ஒரு லெட்டர் குடுங்கன்னாங்க. ‘நல்ல பையன்’னு எழுதினா போதுமா?

போதாது, நல்ல பையனா என்று யாரும் கேட்கவில்லை. உங்களிடமிருந்து வேண்டியது நேரில் கண்டது. ஒன்றிலிருந்து இரண்டு பக்கம். முதல் பத்தியில் உங்கள் முழுப்பெயர், முகவரி, வேலை, குடிவரவு நிலை. கூடவே அடையாள அட்டை நகல். அடுத்து, எப்போது எங்கே பழக்கமானீர்கள், எவ்வளவு அடிக்கடி சந்திக்கிறீர்கள். பிறகு இரண்டு மூன்று நிகழ்வுகள். ‘2023 ஆகஸ்டில் அவன் தன் காதலனோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். சாப்பிடும்போது அவன் மாமா அழைத்தார், ஊருக்கு வந்தால் வெட்டுவேன் என்று அவர் கத்தியது ஸ்பீக்கரில் எனக்குக் கேட்டது’ என்பது சாட்சி. ‘அவன் மிகவும் பயந்திருக்கிறான்’ என்பது சாட்சியாகாது. கண்டதையும் கேள்விப்பட்டதையும் பிரித்து எழுதுங்கள். அவன் நடை, உடை, குரல் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.

கெடுவது எங்கே என்றால், தேதியில். 2005 முதல் உள்ள சட்டப்படி, சின்ன முரண்பாட்டை வைத்தும் மனுதாரரின் நம்பகத்தன்மையை நீதிபதி மறுக்கலாம். போனில் பழைய செய்திகளையும் படங்களையும் பார்த்துத் தேதி எடுங்கள். உறுதியில்லை என்றால் ‘2022 கோடையில்’ என்று நிறுத்துங்கள். அவனுடைய வாக்குமூலத்தைப் படித்துவிட்டு எழுதாதீர்கள், வார்த்தைக்கு வார்த்தை ஒட்டிவிடும். மூன்று நண்பர்கள் ஒரே மாதிரிப் படிவத்தில் எழுதினால் மூன்றும் வீண். கடைசியில் பொய்யுரைத்தால் தண்டனைக்குட்படுவேன் என்ற உறுதிமொழி வரி, கையெழுத்து, தேதி. தமிழில் எழுதினால் ஆங்கில மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் சான்றுரையும் சேர வேண்டும். நீதிமன்றத்துக்கு நேரில் வரச் சொன்னால் வரத் தயாரா என்பதையும் வழக்கறிஞரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

எனக்கே இன்னும் பேப்பர் கிடைக்கேல்ல. நான் எழுதிக் குடுக்கலாமோ?

எழுதலாம், ஆனால் உங்கள் பெயரும் முகவரியும் அரசுக் கோப்புக்குள் போகும். உங்கள் சொந்த வழக்கறிஞரிடம் கேட்காமல் கையெழுத்து வேண்டாம். அவனுடைய வழக்கறிஞர் அவனுக்காகத்தான் யோசிப்பார். நீங்கள் மறுத்தால் நட்பு முறியாது. காரணத்தைச் சொன்னால் அவனுக்குத்தான் முதலில் புரியும்.

தெருமுனைல ஒரு நோட்டரி, எல்லாம் நானே பண்ணித் தரேங்கறார். வக்கீலைவிட மலிவு. குடுத்துடலாமா?

வேண்டாம். நம் ஊரில் நோட்டரி என்றால் பொதுவாக வக்கீல்தான். அமெரிக்காவில் நோட்டரி கையெழுத்துக்குச் சாட்சி சொல்பவர் மட்டுமே. சட்ட ஆலோசனை தரும் உரிமை அவருக்கு இல்லை. அவர் நிரப்பிய படிவத்தில் பொய் இருந்தால் அது உங்கள் நண்பன் பொய்யாகத்தான் பதிவாகும்.

நான் சிட்டிசன். அவளுக்கு உதவியா இருக்கட்டும்னு பேப்பர்ல மட்டும் கல்யாணம் பண்ணிக்கிட்டா?

நல்ல மனசுதான், ஆனால் கூட்டாட்சிக் குற்றம்: 5 ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். அதைவிடக் கொடுமை, போலித் திருமணம் என்று ஒருமுறை முடிவானால் பிறகு அவள் உண்மையாகவே காதலித்துத் திருமணம் செய்துகொள்ளும் பெண் போடும் மனுவும் ஏற்கப்படாது. 2013 முதல் ஒரே பாலினத் துணைக்கும் குடிவரவு மனு போடலாம் என்பதால், அவளுக்கு நியாயமாகக் கிடைக்கக்கூடிய வழியை நீங்களே அடைக்கிறீர்கள்.

அவ அம்மா வீடியோ கால்ல ‘நீதான் என் பொண்ணோட பாய்ஃபிரண்டா’ன்னு சிரிச்சுக்கிட்டே கேக்கறாங்க. அவ கண்ணைக் காட்டறா. ஆமான்னு சொல்லிடவா?

நட்பில் இது பழைய வேலை. கரீபியக் குடும்பங்களில் ‘மறைப்புக் காதலன்’ எத்தனையோ பேர். ஆனால் ஆமாம் என்ற ஒரு சொல்லோடு அது நிற்காது. அடுத்த வாரம் அத்தை கூப்பிடுவார், கிறிஸ்துமஸ் கறுப்புக் கேக்குக்கு அழைப்பு வரும், பீப்பாய்க்கு உங்களிடமும் பங்கு கேட்பார்கள். முன்னே சொன்ன கடிதம் நினைவிருக்கிறதா? நாளைக்கு நீங்கள்தான் அவள் வழக்கில் சாட்சி என்றால், ‘நான் அவள் காதலன்’ என்று அவள் குடும்பத்துக்கு நீங்கள் அனுப்பிய செய்தி உங்கள் சத்தியத்துக்கு எதிராகவே மேசையில் வரும்.

எனவே போனுக்கு முன்பே அவளோடு பேசி ஒரு வரியை முடிவு செய்துகொள்ளுங்கள், அது உண்மையாக இருக்கட்டும். ‘ரெண்டு பேரும் ஒரே கடைல வேலை பாக்கறோம் ஆன்ட்டி, பஸ்ஸுல ஒண்ணா வருவோம்’ போதும். பெயர் சொல்லி அழைக்காதீர்கள், ‘ஆன்ட்டி’தான், இல்லையென்றால் ‘மிஸ்’ சேர்த்து முதற்பெயர். முதலில் குட் ஈவினிங் சொல்லிவிட்டுத்தான் எதுவும். வணக்கம் சொல்லாமல் பேசத் தொடங்கும் பிள்ளையை எந்தத் தீவு அம்மாவுக்கும் பிடிக்காது. அதற்கு மேலும் அவர் துருவினால், சமையலுக்கு மசாலா என்ன போடுகிறீர்கள் என்று கேளுங்கள். குறைந்தது இருபது நிமிடம் ஓடும்.